கை, மணிக்கட்டுப் பிரச்சினைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை மரத்துப்போகிறது, விரல் மாட்டிக்கொள்கிறது, மணிக்கட்டில் கட்டி என்று சென்னையில் மருத்துவரைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றவில்லை. படிக்கும் முன் ஒரு சிறு வேலை: எந்த விரல், எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். மருத்துவரிடம் போகும்போதும் அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

1. ராத்திரி கை மரத்துப் போய் முழிப்பு வந்துடுது. உதறினா சரியாகுது. இது என்ன?

பெரும்பாலும் இது கார்ப்பல் டனல். மணிக்கட்டில் அந்தப் பெயருள்ள ஒரு குறுகிய வழி இருக்கிறது. அதன் மூன்று பக்கமும் எலும்பு, உள்ளங்கைப் பக்கம் மட்டும் கூரைபோல, எலும்புகளைப் பிணைக்கும் ஒரு தடித்த தசைநார். தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்தி விரல்களை மடக்கும் கயிறுகளான 9 தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் அந்த வழியாகத்தான் உள்ளங்கைக்குள் போகின்றன. தசைநாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் இடம் போதாது. உள்ளே இருப்பதில் மென்மையானது நரம்பு என்பதால் நசுங்குவதும் அதுதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் நெருக்கடி கூடி, விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரக்கும். சுண்டு விரல் தப்பித்துவிடும். பகலில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை வண்டி ஓட்டும்போதோ, படுத்தபடி போனைத் தூக்கிப் பிடிக்கும்போதோ இதே இடங்கள் மரத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டு மடங்க ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதற்குள் அதே விரல்கள் மரத்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டிய தகவல் அது. நாற்பதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் ஆகியோருக்கு இது அதிகம்.

2. எனக்கு சுண்டு விரல்தான் மரக்குது. அதுவும் இதேதானா?

இல்லை. சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் அல்நர் என்ற வேறொரு நரம்பின் பொறுப்பு. அது பெரும்பாலும் முழங்கையின் உட்புறத்தில், இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பது போல இருக்குமே அந்த இடத்தில் நசுங்கும். முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றி வேலை செய்வது, கையை முழுக்க மடக்கி மணிக்கணக்கில் போன் பேசுவது இரண்டையும் நிறுத்துங்கள். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் தூக்கத்தில் கை முழுக்க மடங்காது. சில வாரங்களில் குறையாவிட்டாலோ, சாவி பிடிக்கும்போது பலம் குறைந்தாலோ பரிசோதனை தேவை.

விரல் கணக்கு எதிலும் அடங்காமல், தோலில் வெளிறிய ஒரு தேமல் இருந்து அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். வெட்கப்படவோ மறைக்கவோ இதில் ஒன்றுமில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் 1940-களிலேயே தொடங்கிவிட்டார்.

3. இடது கை மரத்தா ஹார்ட் பிரச்சினையா? பக்கவாதமா?

உதறினால் சரியாகிற, பல வாரங்களாக வந்து வந்து போகிற, சில விரல்களில் மட்டும் நிற்கிற மரப்பு இதயத்தால் வருவதில்லை. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி சேர்ந்து வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பக்கவாதம் திடீரென வரும். ஒரு பக்கக் கை கால் தளரும், வாய் கோணும், பேச்சு குழறும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்கக் கூடாது.

4. நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி சத்து ஊசி போட்டாங்க. பத்து ஊசி ஆச்சு, மரப்பு போகலை. ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் 'நரம்பு' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்களைத் திணித்துவிட்டோம். ஊசி போடும் இரத்தக்குழாயும் நரம்பு, விரலை இழுக்கும் தசைநாணும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்தும் உண்மையான நரம்பும் நரம்பு. அதனால் கையில் எது வந்தாலும் "நரம்புத் தளர்ச்சி" என்ற ஒரே பெயரும், பி12 ஊசி என்ற ஒரே மருந்தும் போதுமென்று ஆகிவிட்டது.

பி12 குறைபாடு உள்ளவருக்கு அந்த ஊசி அருமருந்துதான். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மரப்பும் இருக்கும். ஆனால் மணிக்கட்டுக்குள் நசுங்கிக் கிடக்கும் நரம்புக்கு எத்தனை வைட்டமின் கொடுத்தாலும் இடம் பெரிதாகாது. ஊசிகளிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது, அதற்குள் தசை இளைக்கத் தொடங்கிவிடுகிறது. பத்தாவது ஊசிக்குச் செலவழிக்கும் பணத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, பி12. சந்தேகம் தீராவிட்டால் நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை. சுருக் சுருக்கென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். நசுக்கம் எந்த இடத்தில், எவ்வளவு கடுமை என்பது தெரிந்துவிடும்.

5. மெடிக்கல் ஷாப்ல மணிக்கட்டு பெல்ட் வாங்கிப் போட்டேன், கேட்கலையே?

பெல்ட்டைக் கழற்றி உள்ளங்கைப் பக்கம் உள்ள உலோகப் பட்டையை வெளியே இழுத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் பல பெல்ட்டுகளில் அது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும்படி வளைந்திருக்கும். கார்ப்பல் டனலுக்கு மணிக்கட்டு நேராக, மேலும் கீழும் வளையாமல் இருப்பதுதான் தேவை. பட்டையைக் கையால் அழுத்தி நேராக்கி மறுபடி செருகுங்கள். விரல்கள் முழுதாக மடங்க வேண்டும், பட்டை உள்ளங்கை ரேகையைத் தாண்டக் கூடாது.

பகலெல்லாம் போட்டுவிட்டு இரவில் கழற்றிவைப்பது அடுத்த தவறு. நோய் இரவில் என்றால் பெல்ட்டும் இரவில்தான். குறைந்தது ஆறு வாரம் தொடர்ந்து போட்ட பிறகே பலன் இல்லை என்று சொல்லலாம். இறுக்கிக் கட்டினால் மரப்பு கூடும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டால் அரிப்பு வராது.

6. ஊசியா, ஆபரேஷனா? ஆபரேஷன்ல நரம்பு கட் ஆயிடாதா?

பெல்ட் போதாதபோது மணிக்கட்டுக்குள் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடுவார்கள். பலருக்குச் சில மாதங்கள் நிம்மதி கிடைக்கும், திரும்ப வருவதும் சகஜம். கர்ப்ப காலத்தில் வந்தது பிரசவத்துக்குப் பின் தானாகவே குறையும் என்பதால் அவர்களுக்கு அறுவை பேச்சே பெரும்பாலும் எழாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும், அளந்துகொண்டே இருங்கள்.

மரப்பு இடைவிடாமல் இருந்தால், பட்டன் போடமுடியாமல் பொருள்கள் கை நழுவினால், அல்லது கட்டைவிரலின் அடிச்சதை இளைத்தால் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பை யாரும் வெட்டுவதில்லை. முதல் பதிலில் சொன்ன கூரையைத்தான் வெட்டித் திறக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, உள்ளங்கையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலில் கால்மணி நேரத்தில் முடியும். நரம்பு காயப்படுவது மிக அரிது. அன்றே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும், கையைத் தொங்கவிடக் கூடாது. 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். வண்டி ஓட்ட மூன்று நான்கு வாரம், கிரைண்டர் கல்லைத் தூக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கையை ஊன்றினால் உள்ளங்கையின் அடியில் வலிப்பது மூன்று மாதம் வரை நீடிக்கலாம். அது அறுவை தோற்றதன் அறிகுறி அல்ல.

7. காலையில விரல் மடங்கி மாட்டிக்குது. இன்னொரு கையால இழுத்தா 'டக்'குன்னு விடுது. எலும்பு விலகிடுச்சா?

எலும்புக்கு ஒன்றுமில்லை. இதன் பெயர் டிரிகர் ஃபிங்கர். ஊசிக் காதில் நூல் மாதிரி, விரலின் அடியில் ஒரு வளையத்துக்குள் தசைநாண் ஓடுகிறது. வளையம் தடித்து, தசைநாணில் ஒரு முடிச்சும் விழுந்துவிட்டால் மடக்கும்போது உள்ளே போனது நீட்டும்போது சிக்கிக்கொள்கிறது. 'டக்' என்று நடுமூட்டில் கேட்டாலும் கோளாறு உள்ளங்கையில், விரல் தொடங்கும் ரேகையருகே இருக்கிறது. அங்கே அழுத்தினால் வலிக்கும். நடுமூட்டில் தைலம் தேய்த்துப் பயனில்லாமல் போவது இதனால்தான். திரும்பத் திரும்ப 'டக்' என்று விட்டுப் பார்க்கவும் வேண்டாம், உரசல் கூடுகிறது.

வளையத்தருகே போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசியில் பாதிப் பேருக்கு மேல் விட்டுப்போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வெற்றி குறைவு, பல விரல்களில் வருவதும் அதிகம். இரண்டு ஊசிக்கும் அடங்காவிட்டால் வளையத்தைத் திறந்துவிடும் சிறு அறுவை போதும், மரக்கவைத்துச் செய்வார்கள். சின்னக் குழந்தையின் கட்டைவிரல் மடங்கியே இருந்தால் அதை உருவி இழுத்து நிமிர்த்த முயலாதீர்கள். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும், ஆகாதவர்களுக்கு அறுவை.

8. குழந்தை பிறந்து ரெண்டு மாசம். பாப்பாவைத் தூக்கினா கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல உயிர் போற வலி. பிரசவ வாயுவா?

வாயு இல்லை. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டது. 1895-ல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வைன் பெயராலேயே அழைக்கிறார்கள். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுள்ளென்று அந்த ஓரத்தில் வலித்தால் இதுதான்.

குழந்தையின் அக்குளில் கட்டைவிரலைக் கொக்கிபோல மாட்டித் தூக்குவதுதான் வலியைக் கிளப்புகிறது. உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கை முதுகுக்கும் ஒரு கை புட்டத்துக்கும் அடியில் கொடுத்து, முறத்தில் அள்ளுவதுபோல அள்ளித் தூக்குங்கள். பால் கொடுக்கும்போது தலையைத் தாங்கும் கை வளையாமல் அடியில் தலையணை வையுங்கள். துணி பிழிவதை நான்கு முதல் ஆறு வாரம் வீட்டில் வேறொருவர் செய்யட்டும். தாய்க்குக் கிடைக்கவேண்டிய ஓய்வு அது. பெல்ட் வாங்கினால் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிப்பதாக இருக்க வேண்டும், ஐந்தாவது பதிலில் சொன்னது இதற்கு உதவாது. குறையாவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும். போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுக்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

9. மணிக்கட்டு மேல கோலிக்குண்டு மாதிரி கட்டி. புத்தகத்தால அடிச்சா உடைஞ்சிடும்ங்கறாங்களே?

அடிக்காதீர்கள். உடைந்தாலும் திரும்ப வரும், எலும்புக்கும் அடிபடும். கேங்லியான் எனப்படும் இது மூட்டிலிருந்து வெளியே பிதுங்கிய, கெட்டியான நீர் நிறைந்த பை. புற்றுநோய் அல்ல. இருட்டில் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்தால் ஒளி ஊடுருவும். பாதிப் பேருக்கு வருடக்கணக்கில் தானாகவே மறைவதால், வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். ஊசியால் உறிஞ்சினால் பாதிக்குப் பாதி திரும்ப வருகிறது, அறுவையில் அந்த வாய்ப்பு குறைவு. நாடி பார்க்கும் இடத்தருகே உள்ள கட்டியில் தமனி ஒட்டியிருக்கும், அங்கே கண்டவரிடம் ஊசி குத்திக்கொள்ள வேண்டாம். வேகமாக வளர்ந்தாலோ ஒளி ஊடுருவாவிட்டாலோ ஸ்கேன் எடுங்கள்.

10. கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. மூணு வாரமா வலி போகலை.

கட்டைவிரலைத் தூக்கி விரியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரம் ஒரு குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் ஸ்கேஃபாய்டு என்ற முந்திரிப்பருப்பு வடிவச் சிறு எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது ஒளிந்துகொள்ளும். அதனால்தான் குழியில் வலி இருந்தாலே கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே, அல்லது உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்.

இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க முனையிலிருந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் மணிக்கட்டுப் பக்கத் துண்டு பட்டினி கிடக்கும், சேராமலே போகலாம். சில வருடங்களில் அது மணிக்கட்டுத் தேய்மானமாக முடியும். சுளுக்கு என்று உருவிவிடப் போகும் இளைஞர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

11. மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போடலாமா? எங்க தாத்தாவுக்கு அதுலதான் சேர்ந்துச்சு.

சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. விலகாத முறிவு, அசையாமல் வைத்தால் எந்தக் கட்டிலும் சேரும். கேள்வி எலும்பு விலகியிருக்கிறதா, மூட்டுக்குள் போயிருக்கிறதா என்பதுதான். அதை எக்ஸ்ரே இல்லாமல் கையால் தடவிச் சொல்ல முடியாது. விலகியது விலகியபடியே சேர்ந்தால் கை கோணும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிச் சாதம் பிசைந்து அள்ளுவதுகூடச் சிரமமாகும்.

மாவுக்கட்டானாலும் மூங்கில் பத்தைக் கட்டானாலும் கீழ்க்கண்டவை தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது: நேரம் ஆக ஆகக் கூடும் வலி, விரலை யாராவது நீட்டிவிட்டால் துடிக்கவைக்கும் வலி, மரப்பு, வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த விரல் நுனி. கட்டுக்குள் அழுத்தம் ஏறி, ஆறு மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். உள்துணி உட்பட முழுக் கட்டையும் நீளவாட்டில் வெட்டித் திறந்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். குழந்தைகளின் முழங்கை முறிவில் இந்த ஆபத்து மிக அதிகம். அங்கே எண்ணெய் போட்டு உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமலே போய்விடும். குழந்தைகள் விஷயத்தில் எங்கள் பதில் உறுதியானது: முதலில் மருத்துவமனை.

12. நகச்சுத்துக்கு எலுமிச்சம்பழம் செருகினா போதாதா?

தொடக்கத்தில் பழம் கெடுதல் செய்யாது, குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெதுவெதுப்பான நீரில் தினம் மூன்று நான்கு முறை பத்து நிமிடம் விரலை வைப்பது அதைவிட நல்லது. சீழ் கட்டிவிட்டால் எந்தப் பழமும் வெளியே எடுக்காது, மருத்துவர் சிறு கீறலில் வடிக்க வேண்டும். நாள் முழுக்கப் பாத்திரம் தேய்ப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால், கையுறையும் ஈரம் துடைப்பதும்தான் சிகிச்சையின் பெரும்பகுதி.

விரல் முழுக்க உருண்டு வீங்கி, பாதி மடங்கியே நின்று, நீட்டினால் உயிர் போகும் வலி வந்தால் கிருமி தசைநாண் உறைக்குள் போய்விட்டது. அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது ஓரிரவில் விரலையே பறிக்கும்.

13. கிரிக்கெட் பந்து பட்டு விரல் நுனி தொங்குது. வலி அதிகமில்லை, விட்டுடலாமா?

விடக் கூடாது. நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறது. எக்ஸ்ரே எடுத்து, நுனிமூட்டு மட்டும் நேராக இருக்கும்படி சிறு ஸ்பிளின்ட் (விரலை அசையாமல் தாங்கும் பட்டை) ஆறு முதல் எட்டு வாரம், இரவும் பகலும். கழுவும்போது நுனியை மேசைமேல் நேராகத் தாங்கிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். ஐந்தாவது வாரத்தில் ஒரே ஒருமுறை மடங்கிவிட்டாலும் கணக்கு முதல் நாளிலிருந்து.

14. கண்ணாடி குத்தி விரல்ல சின்ன வெட்டு, தையல் போட்டாச்சு. ஆனா நுனி மடங்கலை.

தசைநாண் வெட்டுப்பட்டிருக்கிறது. மாஞ்சா நூல், டைல்ஸ் விளிம்பு, உடைந்த பாட்டில் எல்லாமே வெளியே சிறிதும் உள்ளே ஆழமுமாக வெட்டும். தையலுக்கு முன்பே ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாக மடக்கிக் காட்டுங்கள், நுனியின் இரு ஓரங்களிலும் உணர்ச்சி இருக்கிறதா பாருங்கள். தசைநாணைச் சில நாட்களுக்குள் தைப்பது நல்லது. வாரங்கள் ஓடினால் அது உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய்விடும். தைத்த பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு மட்டும் அசைக்க வேண்டும், முழுப் பலம் வர மூன்று மாதம். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள், அதைக் கழுவி எடுப்பதே தனி வேலை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தாலே இரத்தம் நிற்கும். மோதிரத்தை முதல் வேலையாகக் கழற்றுங்கள், வீங்கினால் வராது.

15. மெஷின்ல விரல் துண்டா போயிடுச்சுன்னா ஐஸ்ல போட்டுக் கொண்டுபோகணுமா?

நேரடியாக ஐஸில் வேண்டாம், திசு உறைந்து சாகும். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். இப்படி வைத்த விரலுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் உண்டு. தசை நிறைந்த முன்கைக்கு ஆறு மணி நேரம்தான். நசுங்கியிருந்தாலும் எடுத்துப் போங்கள், ஒட்டமுடியுமா என்பதை அறுவை மருத்துவர் முடிவு செய்யட்டும். காயப்பட்டவருக்குச் சாப்பாடும் டீயும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தாமதமாகும்.

அறுந்த விரலை நுண்ணோக்கியின் கீழ் தைத்து ஒட்டும் நுண்ணறுவை எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி நிலையம் இருக்கிறது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது. வட சென்னையின் பட்டறைத் தொழிலாளிகளுக்கு அது கிடைத்தது பெரும் பேறு.

16. நெட்டி முறிச்சா மூட்டுத் தேய்மானம் வருமா?

வராது. மூட்டு நீரில் உண்டாகும் வாயுக்குமிழின் சத்தம் அது. வலியோடு சத்தம் வந்தால் மட்டும் காட்டுங்கள்.

17. மாசக்கணக்கா இருந்த கார்ப்பல் டனல் வலி இப்போ சுத்தமா இல்லை. ஆனா கட்டைவிரல் அடிச்சதை குழி விழுந்திருக்கு. குணமாயிடுச்சுன்னு அர்த்தமா?

இல்லை. இந்தப் பட்டியலில் எங்களை மிகவும் கவலைப்பட வைக்கும் கேள்வி இதுதான். வலியைச் சொல்லக்கூட முடியாத அளவுக்கு நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிச்சதையை ஒப்பிடுங்கள். கண்ணை மூடி, விரல் நுனியால் ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களைப் பிரித்துச் சொல்லமுடிகிறதா பாருங்கள். சூடான தோசைக்கல் பட்டது தெரியாமல் விரல் கொப்பளித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த நிலையிலும் அறுவை செய்வார்கள். மேற்கொண்டு இழக்காமல் இருக்கவும், உணர்ச்சியில் ஒரு பங்காவது மீளவும் அது உதவும். ஆனால் இளைத்த சதை பழையபடி நிரம்பும் என்று உறுதி சொல்ல முடியாது. கட்டைவிரல் மற்ற விரல்களை எட்டித் தொடவே முடியாமல் போனவர்களுக்கு, பலமுள்ள வேறொரு தசைநாணை எடுத்து அங்கே இணைத்து அந்த அசைவைத் திருப்பித் தரும் அறுவையும் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன கூரையைத் திறக்கும்போதே அதையும் சேர்த்துச் செய்யலாமா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.